நீ தேர்ந்தெடுத்த கிணறு

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டவில்லை. உன் பெட்டியில் புதுச் சுடிதாருக்கும் சான்றிதழ்க் கோப்புக்கும் நடுவே திறந்தபடியே வைக்கிறேன், இன்று ராத்திரி துணி அடுக்கும்போது உன் கண்ணில் படும். உன் அப்பா வாசிக்கலாம். நம் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் வாசிக்கலாம். ஓசூரில் நீ சேரப்போகும் கார் உதிரிபாகக் கம்பெனியில் உனக்குக் கீழே வேலைக்கு வரும் பெண்களுக்கும் நீ விரும்பினால் வாசித்துக் காட்டு. ஞாயிற்றுக்கிழமை நீ விருதுநகரில் ரயில் ஏறுகிறாய். இன்று வியாழக்கிழமை. பாதியில் கோபம் வந்து நீ இதைக் கீழே போட்டுவிடலாம் என்பதால் முக்கியமானதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மழைநீரை இறக்குவதற்கு நீ தேர்ந்தெடுத்த கிழக்குக் கிணற்றில் பல வருடங்களாகக் கழிவு வெடிமருந்து கொட்டியிருக்கிறோம். 'இக்கிணற்றில் எந்தக் கழிவும் கொட்டப்பட்டதில்லை' என்று எழுதி நீ கையெழுத்துப் போட்ட தாள் பொய். நீ கையெழுத்துப் போடும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன். ஏன் சும்மா இருந்தேன் என்று கேட்டால் ஒரே பதில்தான். உன்மேல் எனக்குப் பொறாமை.

பெற்ற மகள்மேல் பொறாமையா என்று கேட்பாய். நானும் முதலில் அதற்கு வேறு பெயர்கள்தான் வைத்துப் பார்த்தேன். அக்கறை என்று சொல்லிக்கொண்டேன், உடம்புச் சோர்வு என்று சொல்லிக்கொண்டேன். நீ கல்லூரியில் சுற்றுச்சூழல் பொறியியல் படித்த நாட்களில் உன் புத்தகங்களுக்கு நான்தான் காக்கி அட்டை போடுவேன். போட்டு முடித்ததும் வைத்துவிட மாட்டேன், உட்கார்ந்து வாசிப்பேன். ஒவ்வொரு வரிக்கும் அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கும், ஆனாலும் விடமாட்டேன். நிலத்தடி நீர் பற்றிய பாடத்தை உனக்கு முன்பே நான் வாசித்துவிட்டேன் என்பது உனக்குத் தெரியாது. வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் நீ அடுப்படியில் நின்று, "ஏம்மா, புத்தகத்தப் பிடிச்சிக்கிட்டு சும்மா கேள்வி கேளு, நான் பதில் சொல்லுதேன்" என்பாய். கேள்வியைக் கேட்ட மறுநொடி பதில் என் நாக்கு நுனியில் வந்து நிற்கும். நீ யோசித்துக்கொண்டிருப்பாய். நான் குழம்பைக் கிண்டுவதுபோல் திரும்பிக்கொள்வேன். நீ சரியாகச் சொன்னால் சந்தோஷம்தான். தப்பாகச் சொன்ன ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளே ஏதோ இனித்தது. அதை இப்போது எழுதவே கை கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

அப்புறம் நம் கம்பெனியே உன்னை வேலைக்கு எடுத்தது. கழுத்தில் 'சுற்றுச்சூழல் உதவி அலுவலர்' என்று அட்டை. முதல் நாள் எம். புதுப்பட்டி முக்கில் கம்பெனி வேன் வந்து நின்றதும் டிரைவர் முன் கதவைத் திறந்துவிட்டு உன்னைப் பார்த்து, "மேடம், இங்கன வாங்க" என்றான். இருபது வருடமாக அதே வேனில் பின்னால் ஏறுகிறவள் நான். "ஏம்மா, நீயும் முன்னாடி வா, ரெண்டு பேரு உக்காரலாம்" என்று நீ கூப்பிட்டாய். "எனக்குப் பின்னாடிதான் காத்து வரும்" என்று சொல்லிவிட்டு, காற்றே வராத மூலையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த முருகேஸ்வரி, "ஏக்கா, மக ஆபீசராயிட்டா, இனி எங்களயெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?" என்று இடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வேன் போய்ச் சேரும்வரை உன் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தாவதில் நான் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். உனக்கு இது பல தடவை சொன்ன கதைதான். சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. பத்தாவது முடித்து, திரி செருகும் வேலைக்கு வந்த பிறகும் என் பாவாடை மடிப்பில் ஒரு பென்சில் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் பட்டாசுக் குழாய் சுற்ற வந்த கழிவுத் தாளில் ஏதாவது எழுதிக்கொண்டிருப்பேன். எறும்பு எந்தப் பக்கம் போகிறது, எந்த ஷெட்டில் வெக்கை அதிகம், இப்படி. அதைப் பார்த்த போர்மேன்தான், "ஏத்தா, கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கே, வந்து ரெஜிஸ்டர் எழுது" என்று ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு எனக்குப் படிப்பே திரும்பக் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. சிவப்பு மையில் கோடு, நீல மையில் எழுத்து, அடித்தல் திருத்தல் கிடையாது. சோதனைக்கு வந்த அதிகாரி ஒருவர், "இவ்வளவு சுத்தமான பதிவேட்டை நான் பார்த்ததில்லை" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு பல வருடம் ஓட்டினேன்.

அந்தச் சுத்தத்தில்தான் தப்பு இருந்தது. சாயங்காலம் வேலை முடிகிறபோது ஒவ்வொரு ஷெட்டையும் கூட்டி, சிந்திய வெடி மருந்தையும் உடைந்த குழாய்களையும் அள்ளி, எடை போட்டு, வளாகத்தின் ஒதுக்குப்புறத்தில் உள்ள குழியில் நீளத் திரி வைத்து எரித்துவிட வேண்டும். மிச்சம் வைக்கக்கூடாது. அது விதி, நல்ல விதி. அதற்கான பதிவேட்டில் தேதிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம். 'எரிக்கப்பட்ட அளவு' என்று அச்சிலேயே இருக்கும். மழை நாளில் குழியில் தண்ணீர் நிற்கும், எரிக்க முடியாது. ஈரமான மருந்தை ஷெட்டில் வைத்தாலோ சூடேறித் தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும். போர்மேன் கெட்டவர் இல்லை. மனுஷ உயிர் தப்ப வேண்டும் என்றுதான் அதைக் கிழக்கு மூலையில் இருந்த பழைய கிணற்றில் கொட்டச் சொன்னார். "தண்ணிக்குள்ள போயிருச்சுன்னா அது செத்த மருந்து தாயி. நீ எழுது" என்பார். கொட்டியது என்று எழுதக் கட்டம் இல்லை. கட்டத்தைக் காலியாக விட எனக்கு மனம் வராது, ஓட்டை விழுந்த துணி மாதிரி இருக்கும். அதனால் எரிக்கப்பட்ட அளவு என்ற கட்டத்திலேயே அழகாக எடையை எழுதினேன். இப்படி எத்தனை மழைக்காலம் எழுதினேன் என்று எனக்கே தெரியாது.

என் இன்னொரு நோட்டு உனக்குத் தெரியும். ஆபீஸ் மாடியில் ஒரு கண்ணாடி ஊறுகாய் பாட்டிலை வைத்து, பக்கத்தில் ஸ்கேல் ஒட்டி, மழை பெய்தால் அளந்து எழுதுவேன். யாரும் கேட்காமல், யாருக்கும் காட்டாமல் நான் செய்துவந்த ஒரே வேலை அது. நீ வேலைக்கு வந்த முதல் வருட ஐப்பசியில் அந்த நோட்டையும் கழிவுப் பதிவேட்டையும் மேஜைமேல் பக்கம் பக்கமாக விரித்து வைத்தாய். மேனேஜர் இருந்தார், போர்மேன் இருந்தார், நான் தேநீர் டம்ளர்களை ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

"மூணு நா விடாம மழ பெஞ்சிருக்கு. அந்த மூணு நாளும் எரிச்சதா ரெஜிஸ்டர்ல இருக்கு. மழையில எப்பிடி மாமா எரிஞ்சது?" என்று நீ கேட்டாய்.

போர்மேன் சளைக்கவில்லை. "பட்டாசுக் கம்பெனி பாப்பா இது. தண்ணிக்குள்ள எரியுற மருந்தெல்லாம் எங்கிட்ட இருக்கு."

"அப்ப அதுல ஒரு சரம் எனக்குக் கட்டிக் குடுங்க மாமா. இந்தத் தீவாளிக்கு மழைக்குள்ளயே வெடிச்சிருவோம்."

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். போர்மேன் முகம் சுருங்கி, "இல்ல பாப்பா, மூடி வச்சிருந்து வெயிலடிச்சதும் எரிச்சிருவோம்" என்றார். நீ என் பக்கம் திரும்பினாய். "ஏம்மா, அப்பிடியா?"

நான், "போர்மேன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

அந்த இடத்தில் நான் பயந்தேன் என்று நீ நினைத்துக்கொள்ளலாம், கொஞ்சம் பயமும்தான். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. அந்த இரண்டு நோட்டும் என் கையால் எழுதியவை. இருபது வருடம் ஒரே அலமாரியில் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தவை. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. நீ வந்து நாலு மாதத்தில் பார்த்துவிட்டாய். அதன்பிறகு நீ எழுதிய அறிக்கையை வரி வரியாகத் தேடி வாசித்தேன். 'தளத்தில் பராமரிக்கப்படும் மழைப் பதிவேட்டின்படி' என்று இருந்தது. பராமரிப்பது யார் என்று இல்லை. நீ வேண்டுமென்று விட்டிருக்கமாட்டாய். அறிக்கைகள் அப்படித்தான் எழுதப்படுகின்றன என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், என் ஊறுகாய் பாட்டில்கூட அந்த அறிக்கைக்குள் போய்விட்டது, நான் போகவில்லை என்பதுதான். உன் யோசனைப்படி எரிகுழிக்குக் கூரை வந்தது, பதிவேட்டில் புதுக் கட்டங்கள் வந்தன. கிணற்றில் கொட்டுவதும் அன்றோடு நின்றது. எல்லோரும் உன்னைப் பாராட்டினார்கள். பழைய மழைநாட்களின் கழிவு எங்கே போனது என்று நீ மறுபடி இரண்டு மூன்று தடவை வீட்டிலும் கேட்டாய். பெரிய படிப்பு படித்தவள்தானே, நீயே கண்டுபிடி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதம் நீ வேலையை விட்டுப் போவதாகச் சொன்ன பிறகு, போவதற்குள் கம்பெனிக்கு ஒரு நல்ல காரியம் செய்ய வேண்டும் என்று மழைநீர்த் திட்டத்தை எடுத்தாய். எல்லா ஷெட் கூரைகளின் தண்ணீரையும் குழாய் போட்டு ஒரே இடத்தில் பூமிக்குள் இறக்குவது. புதுக் குழி வெட்ட வேண்டாம், பாழாய்க் கிடக்கும் கிழக்குக் கிணறே போதும் என்றாய். நீ டேப்பைப் பிடித்து ஆழம் பார்க்கிறபோது அதன் மறுமுனையைப் பிடித்திருந்தவள் நான். கிணற்றுச் சுவரின் உள்பக்கம் சாம்பல் பூத்தது மாதிரி இருந்ததை நீ சுண்ணாம்பு என்று நினைத்தாய். அது பட்டாசு மருந்தில் சேர்க்கும் அலுமினியத் தூள். "ஏம்மா, நீ இங்கன ரொம்ப வருசமா இருக்கியே, இந்தக் கெணத்துல எதும் போட்டிருக்காகளா?" என்று நேராகக் கேட்டாய். என் கண்ணைப் பார்த்துக் கேட்டாய். "பாழுங்கெணறு, இதுல என்னத்தப் போட?" என்றேன். அன்று மத்தியானம் நீ அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாய். நம் கம்பெனியில் உன் பெயரோடு ஒரு தப்பு இருக்கட்டுமே என்றுதான் அப்போது நினைத்தேன். நீ போகும் இடத்துக்கு அது தெரியாது, இங்கே எனக்கு மட்டும் தெரிந்திருக்கும், அவ்வளவு போதும் என்று நினைத்தேன். என்ன ஒரு அற்பம் பார்.

இந்தத் திங்கட்கிழமை குழாய்கள் வந்து இறங்கின. லாரியில் இருந்து ஒவ்வொன்றாக இறக்கி மதில் ஓரமாக அடுக்கினார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம்தான் காலனி, நம்மோடு வேலை பார்க்கிறவர்களில் பாதிப்பேர் வீடு. அவர்களின் போர்வெல் தொட்டி நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. முருகேஸ்வரி தண்ணீர் பிடிக்கிற குழாயும் அதுதான். உன் புத்தகத்தில் நான் கோடு போட்டு வாசித்த ஒரு பக்கம் அப்போது ஞாபகம் வந்தது. நம் மருந்தில் இருக்கும் நைட்ரேட் மண்ணில் ஒட்டிக்கொண்டு நிற்காது, தண்ணீர் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போகும். இத்தனை வருடம் கிணற்றடியில் ஊறியதை எல்லாம், இனி ஒரு ஐப்பசி முழுக்கக் கூரைத் தண்ணீரைக் கொட்டி நாமே அந்தப் பக்கம் தள்ளிவிடப் போகிறோம். இது உனக்கு முன்பே எனக்குத் தெரிந்த பாடம். அன்று சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நேற்று மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். உன் முகத்துக்கு நேரே சொல்ல வரவில்லை. அவர் கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார். இருபது வருடத்தில் முதல் தடவை.

"என்னம்மா, இம்புட்டு நா சொல்லாம இப்ப வந்து சொல்றீக?"

"சொல்லியிருக்கணும் சார். சொல்லல."

"பாப்பா ஞாயித்துக்கெழம கெளம்புதுல்ல?"

"ஆமா சார்."

"நல்லபடியாப் போகட்டும். திங்கக்கெழம குழாயக் கிணத்துல சேத்துருவோம். தாளுல கையெழுத்து அந்தப் புள்ள போட்டது. பெறவு எதும் வந்தா, படிச்ச பிள்ள பாத்துத்தான் சொல்லுச்சு, எங்களுக்கு என்ன தெரியும்னு சொல்லிக்கிடலாம். நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீக." இதைச் சொல்லிவிட்டுத் தன் தேநீரை என் பக்கம் நகர்த்தி, குடிக்கச் சொன்னார்.

எனக்கு நல்லது செய்வதாகத்தான் அவர் நினைத்துப் பேசினார். அதுதான் என்னை உலுக்கியது. உன் பெயரில் ஒரு தப்பு இருக்கட்டும் என்று நான் ஆசைப்பட்டது, அவர் வாயிலிருந்து ஏற்பாடாக வந்தபோது எவ்வளவு அசிங்கமாக இருந்தது தெரியுமா? எழுந்து வந்துவிட்டேன். தேநீரைத் தொடவில்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பொறாமையையும் சேர்த்து. மிளகாய் மண்டியில் மூட்டை தூக்கிவிட்டு வந்த அலுப்பிலும் அவருக்குக் கேலி போகாது. "மகளுக்குச் சுத்திப் போடுற ஆத்தாவப் பாத்திருக்கேன். நீ என்னடான்னா, 'டீச்சர், அவ மட்டும் எப்பிடி ஃபர்ஸ்ட் ரேங்க்'னு மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரியுத" என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவகிட்டச் சொல்லிட்டியா?" என்று கேட்டார். எழுதப்போகிறேன் என்றேன். "எழுதப்போறியா? வாயில்லயா ஒனக்கு?" என்றார். வாய் இருக்கிறது. பேசினால் நான் அழுவேன், நீ என்னைச் சமாதானப்படுத்துவாய், அந்தச் சமாதானத்துக்கு நடுவில் கிணறு காணாமல் போய்விடும். எழுத்தில் என்னைச் சமாதானப்படுத்த உன்னால் முடியாது.

நீ போகிற இடத்திலும் ஒருத்தி இருப்பாள், ஈஸ்வரி. கொதிகலன் பக்கத்திலோ கழிவுநீர்த் தொட்டி பக்கத்திலோ ஒரு மேஜை போட்டு, அழகான கையெழுத்தில் எண்களை எழுதிக்கொண்டிருப்பாள். உன்னைவிட வயதில் பெரியவளாக இருப்பாள். உன்னைவிடக் கெட்டிக்காரியாகவும் இருக்கலாம். பதிவேடு மிகச் சுத்தமாக இருந்தால் அவளைப் பாராட்டிவிட்டுப் போய்விடாதே. இதில் எழுத இடமில்லாமல் நீங்கள் விட்டது என்ன என்று கேள். எல்லோருக்கும் முன்னால் கேட்காதே, நான் அன்று சொன்ன பதிலைத்தான் அவளும் சொல்வாள். அவள் கூடவே நடந்து போய், மழை விட்ட மறுநாள், தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே நிறம் மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே கேள். அவள் சொன்னதை எழுதும்போது அவள் பெயரையும் எழுது. நல்ல குணத்துக்காக இதைச் சொல்லவில்லை. பெயர் இல்லாதவளுக்குப் பொய்யும் மெய்யும் ஒன்றுதான், அதனால் சொல்கிறேன். சட்டப் பிரிவுகளை எல்லாம் நீ கரைத்துக் குடித்திருக்கிறாய். உன் கையெழுத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது சட்டப் புத்தகத்தில் இல்லை, அவளிடம் இருக்கிறது.

இப்போது நீ செய்ய வேண்டியது. நாளை வெள்ளிக்கிழமை. வேன் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததும் நேராக மேனேஜர் அறைக்குப் போ. அந்தத் தாளைத் திரும்பக் கேள். தரமாட்டார்கள் என்றால், அது தவறு என்று புதுத் தாளில் எழுதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு நகல் அனுப்பு. கிணற்றுத் தண்ணீரையும் காலனி போர்வெல் தண்ணீரையும் எடுத்துச் சோதனைக்குக் கொடுக்கச் சொல். என்னை உடன் வைத்துக்கொண்டு பேசாதே, அம்மா சொல்லிக்கொடுத்தாள் என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். நான் கிணற்றடியில் நிற்கிறேன். கேட்கிறவர்கள் அங்கே வந்து கேட்கட்டும், எந்த மழைக்கு எவ்வளவு கொட்டினோம் என்று இரண்டு நோட்டையும் வைத்துச் சொல்கிறேன். உன் விடுவிப்புக் கடிதத்தை அவர்கள் இழுத்தடிக்கலாம், ஓசூர்க்காரர்கள் ஏன் தாமதம் என்று கேட்கலாம். நடந்ததை அப்படியே சொல். நீ தெரியாமல் போட்ட கையெழுத்தை நீயே திரும்ப வாங்கியதற்காக உன்னை வேண்டாம் என்கிற கம்பெனியில் உனக்கு என்ன வேலை? என் வேலை போனால் போகட்டும். போகாது என்றுதான் நினைக்கிறேன், இப்படி எழுத இவர்களுக்கு ஆள் கிடைக்காது.

பொறாமை இதோடு தீர்ந்துவிட்டது என்று எழுத ஆசைதான். தீரவில்லை. நாளை நீ அந்த அறைக்குள் நிமிர்ந்து நின்று பேசுவாய். எல்லோரும் உன்னைத்தான் பார்ப்பார்கள். தவறாகப் போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்குகிறவளுக்குக்கூட ஒரு மரியாதை உண்டு, அதையும் நீயே வாங்கிக்கொண்டு போவாய். கிணற்றடியில் நின்றுகொண்டு எனக்கு அது பொறுக்காது. பொறுக்காவிட்டால் என்ன, நீ போய்ப் பேசு.

என்னோடு சண்டை போட வேண்டும் என்று உனக்கு இருக்கும். நியாயம்தான். ஆனால் அதற்கு நாளைக் காலையைச் செலவழித்துவிடாதே. திங்கட்கிழமை குழாயைச் சேர்க்க ஆட்கள் வந்துவிடுவார்கள், நான் எங்கே போகப்போகிறேன், இங்கேதான் இருப்பேன். முதலில் தாளை வாங்கு. என்னோடு பேசாமல் இருப்பதை ஓசூர் போய் ஆரம்பித்துக்கொள்.

உன் அம்மா